கண்டரமாணிக்கத்தில் வேகும் பருப்பு

உப்புத் தண்ணீரில் உப்பு இருக்கிறது என்று காரைக்குடி வட்டாரத்தில் பொதுவாக நம்பப்படுகிறது. இது பிழை. சாதாரணப் பிழையும் அன்று. குடும்பங்களைப் பிரிக்கும் வல்லமை கொண்ட பிழை. பருப்பை வேகவிடாமல், சோப்பை நுரைக்கவிடாமல், வெந்நீர்ப் பானையின் அடியில் வெள்ளைப் பொருக்கு கட்டவைக்கும் நீருக்குக் கடின நீர் என்று பெயர். நாம் சோற்றில் போட்டுக்கொள்ளும் உப்பு அதில் இருந்தே தீர வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பெரும்பாலும் இருப்பது சுண்ணாம்புச் சத்து.

சுகாதார ஆபீசில் தண்ணீர் பரிசோதிக்கும் உத்தியோகத்தில் இருந்த சத்தியமூர்த்தி இதைக் கடந்த ஆறு வருஷத்தில் குறைந்தது இருநூறு பேருக்கு விளக்கியிருப்பார். கேட்டவர்கள் யாரும் நம்பவில்லை; அதனால் அவருடைய உற்சாகம் குறைந்ததும் இல்லை. ஆனால் 1972ஆம் வருஷம் மாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் அவர் வாய்க்குள் பஞ்சு இருந்தது. அன்று காலை எட்டு மணிக்குக் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கியிருந்தார்கள். பதினோரு மணி வரை வாயைத் திறக்கவே கூடாது என்று பல் டாக்டர் சொல்லியிருந்தார். லீவு போட்டிருக்கலாம். ரயில் பாதைக்கு அப்பால் புதிதாக முளைத்திருந்த குடியிருப்பில் ஒரு வீட்டுக்குப் போய் இரண்டு புட்டியில் தண்ணீர் பிடித்துவர வேண்டும்; அதற்கு வாய் எதற்கு என்று சைக்கிளில் ஏறிவிட்டார்.

அது வள்ளிக்கண்ணுவின் வீடு. புகார் மனு கொடுத்தவள் அவள்தான். அவர் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடும் முன்பே பேச்சு ஆரம்பித்திருந்தது. சரியாகச் சொன்னால், அவர் தெருமுனையில் திரும்பியபோதே.

"...நாலு மனு! நாலு மனு போட்டு, நடையா நடந்து, இன்னைக்குத்தான் ஆபீசுக்குக் கண்ணு தெரிஞ்சிருக்கு. வாங்க, வாங்க. செருப்ப அங்குட்டுப் போடுங்க. இங்குட்டு வேணாம், இங்குட்டுப் போட்டா எதுத்த வீட்டு நாயி தூக்கிட்டுப் போயிரும். நீங்கதான தண்ணி சாரு? பெட்டியப் பாத்தாலே தெரியுது. என்ன, வாயில வெத்தலையா? துப்பிட்டு வாங்க, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். ...இல்லையா? கன்னம் வீங்கியிருக்கே! அடியாத்தி, வரும்போது இந்தத் தெருக் குழாயில தண்ணி கிண்ணி குடிச்சீகளா? ...அதுவும் இல்லையா? பல்லா? புடுங்கிட்டீகளா! அட பாவமே. பேசப்படாதுன்னு சொல்லியிருப்பாகளே. பேசாதீக, பேசாதீக. ஒரு வார்த்த பேசப்படாது. நான் பேசுறேன்."

அந்த ஏற்பாட்டில் சத்தியமூர்த்தியின் சம்மதம் கேட்கப்படவில்லை.

"மொதல்ல அடுப்படிக்கு வாங்க. சும்மா வாங்க, என் அடுப்படிதான. எட்டிப் பாருங்க. காலையில ஆறு மணிக்குப் போட்ட பருப்பு. இப்ப மணி என்ன? ஒம்பதா? மூணு மணி நேரம்! கோலிக்குண்டு மாதிரி உருளுது பாருங்க. ஒண்ண எடுத்து நசுக்குங்க. நசுக்குங்கங்கிறேன். ...ஆங். வெரலுதான் நசுங்கும். மொதல்ல நான் கடைக்காரன ஏசினேன். பெத்தன்னு ஒருத்தன், முக்குல பலசரக்குக் கட. 'ஆத்தா, இதே பருப்பத்தான் ஊரே திங்குது'ன்னான். சரின்னு சட்டிய மாத்தினேன். மண்சட்டி, பித்தள, ஈயம் பூசினது, பூசாதது, ஒண்ணு விடல. பொறகு வெறக மாத்தினேன். பொறகு... பொறகு மருமகள ஏசினேன். அத விடுங்க, அது பெரிய கத, அப்புறம் சொல்றேன்.

சோப்பக் கேக்கவே வேணாம். துணிக்குப் போட்டா திரிஞ்ச பாலு மாதிரி திட்டுத் திட்டா ஒட்டுது. நுரைன்னு ஒண்ண நான் பாத்து ரெண்டு வருசமாச்சு சார். என் மகன் காளிதாசு சட்டை அம்புட்டும் பழுப்பேறிப் போச்சு. தலைக்குச் சீயக்கா தேச்சா முடி தேங்கா நாரா நிக்கிது. என் முடியப் பாருங்க. ...சரி, பாக்க வேணாம்.

மனுவ வாசிச்சீகளா? காளிதாசுதான் எழுதினான், நான் சொல்லச் சொல்ல. எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. அதுல நான் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். இந்தத் தெருவுல பன்னெண்டு வீடு. குழாத் தண்ணி அந்தக் கோடியில இருந்து வருது. எங்க வீடு கடேசி. இப்ப நீங்களே சொல்லுங்க... சொல்ல வேணாம், தலைய ஆட்டுங்க. கல்யாண வீட்டுல ரசம் ஊத்துறாக. மொதப் பந்திக்குத் தெளிவு. கடேசிப் பந்திக்கு? மண்டி! குழாயிலயும் அதுதான் சார் நடக்குது. நல்ல தண்ணிய எல்லாம் மேலாக்க மொத வீட்டுக்காரன் எறக்கிக்கிறான். மிச்சம் கெடக்கிற உப்பும் கல்லும் உருண்டு உருண்டு எங்க வீட்டுக்கு வருது. அதுனால ஒரு வருசம் அங்குட்டிருந்து வரட்டும், ஒரு வருசம் இங்குட்டிருந்து வரட்டும். குழாயத் திருப்பி வைங்க. நான் என்ன அரமனையா கேட்டேன்? நியாயந்தான கேட்டேன்?"

அந்த மனு ஆபீசில் இரண்டு நாள் கைமாறிக் கைமாறிப் படிக்கப்பட்டது. சத்தியமூர்த்தி அதில் மூன்று விஞ்ஞானப் பிழைகளுக்குச் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார். அவற்றை ஒவ்வொன்றாக நேரிலேயே விளக்கிவிடலாம் என்ற ஆசையில்தான் இந்த வேலையைக் கேட்டு வாங்கியிருந்தார். இப்போது நாக்கின் நுனியில் மூன்று விளக்கங்களும் வரிசையாக நின்றன. அவற்றின் முன்னால் பஞ்சு நின்றது.

"மனுவுல மத்த பதினோரு வீட்டுலயும் கையெழுத்து வாங்கினேன். போடும்போது ஒவ்வொருத்தரும் 'எங்க வீட்டுல வேகுதே'ங்கிறாக. வேகாம என்ன செய்யும், அவுக எல்லாம் முன்பந்தி! பக்கத்து வீட்டு அன்னக்கிளி இருக்காளே, வயக்காட்டு நெல்லு, சொந்தக் கறவ மாடுன்னு இருக்கிறவ, அவ வீட்டுல ஒரு நாளு சாம்பாரு சாப்பிட்டேன். பருப்பு இருந்த தடமே தெரியல, அப்படிக் கரைஞ்சு போயிருந்துச்சு. 'சோடா உப்பு போட்டியாடி'ன்னேன். 'இல்லக்கா, சும்மாதான் வெந்துச்சு'ங்கிறா. சும்மா வெந்துச்சாம்! அவ வீட்டோட நல்ல தண்ணி முடிஞ்சிருது சார். ஒரு சொவருதான் நடுவுல. ஒரு சொவருல தப்பிச்சுப் போச்சு எனக்கு.

வாங்க, கொல்லைக்கு வாங்க. தல குனிஞ்சு வாங்க, நெல இடிக்கும். ஏற்கெனவே பல்லு போச்சு.

இந்தா, இதுதான் தொட்டி. எங்க வீட்டுக்காரரு கெட்டினது. கருப்பையா கொத்தனாருன்னா கொத்தமங்கலம் வரைக்கும் தெரியும். இப்பவும் அங்குட்டுத்தான் ஒரு செட்டியாரு வீட்டுல பூச்சு வேல, சனிக்கிழம வருவாரு. அவரு பூசின சொவத்துல மொகம் பாத்துப் பொட்டு வைக்கலாம். சுண்ணாம்ப ஊறவச்சு, அரைச்சு, முட்ட வெள்ளக்கருவச் சேத்து... அது கெடக்கட்டும். குழா எட்டு மணிக்கு வரும், பதினோரு மணிக்கு நின்னுரும். வார தண்ணி எல்லாம் நேரா இந்தத் தொட்டிக்குத்தான். நேரடியா நாங்க பொழங்குறதில்ல. அது பச்சத் தண்ணி சார். ஒரு நாளாச்சும் தொட்டியில கெடந்தாத்தான் பக்குவப்படும்.

உள்ள பாருங்க. எப்படி இருக்கு? பாலு மாதிரி இல்ல? தெருவுல வேற எந்தத் தொட்டியும் இப்படி இருக்காது. அன்னக்கிளி வீட்டுத் தொட்டியில தவள குடும்பம் நடத்துது. இது எப்படி இவ்வளவு வெள்ளன்னு கேப்பீக. ...கேட்டதா வச்சுக்கங்க. வெள்ளிக்கிழம தவறாம தண்ணிய வடிச்சுட்டு, உள்ள நாலு பக்கமும் சுண்ணாம்பு அடிச்சிருவேன். அடியில ஒரு உருண்ட, பெரிய பொரி உருண்ட அளவு, போட்டு வச்சிருவேன். புழுப் பூச்சி அண்டாது. பெரிய வீட்டுக் கெணத்துக்கெல்லாம் வருசத்துக்கு ஒருக்கத் தூரு வாரிச் சுண்ணாம்பு போடுவாக. வருசத்துக்கு ஒருக்க! நான் வாரத்துக்கு ஒருக்க. சுத்தம்னா சுத்தம். சுண்ணாம்புக்கு எங்க போறதுன்னா, அந்தா இருக்கு பாருங்க மண் மொடா. அவரு வேல முடிஞ்சு கொண்டு வர மிச்சம். மூணு வருசம் ஊறின சுண்ணாம்பு, வெண்ணெய் மாதிரி இருக்கும். கொத்தனாரு வீட்டுல அதக் கீழ கொட்டப்படாது."

"ம்ம்!" என்றார் சத்தியமூர்த்தி. "ம்ம்ம்!"

"வலிக்குதா? இருங்க, கிராம்பு எடுத்தாரேன்."

அவர் கையை வேகமாக ஆட்டினார். மொடாவைக் காட்டினார், தொட்டியைக் காட்டினார், அடுப்படியைக் காட்டினார். இருநூறு பேரிடம் அவர் செய்த விளக்கத்துக்கு இதுவரை இப்படி ஒரு உதாரணம் கிடைத்ததில்லை. சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்துப் பெரிய எழுத்தில் 'சுண்ணாம்பு' என்று எழுதி நீட்டினார்.

"எனக்குத்தான் எழுத்துக் கூட்டத் தெரியாதுன்னேனே. குடுங்க, காளிதாசு வந்தா வாசிக்கச் சொல்றேன். எதுக்கு மொடாவையே காட்டுறீக? ...இப்படித்தான் சார் அவளும் காட்டிக் காட்டி நிப்பா. என் மருமக. கண்டரமாணிக்கத்துப் பொண்ணு. மீனாம்பிகைன்னு பேரு. அம்மன் மாதிரியே நிக்கும், வாயத் தொறக்காது. பேசாத பிள்ளைகள மட்டும் நம்பப்படாது சார். ...உங்களச் சொல்லல. உங்களுக்குப் பல்லு.

கல்யாணமாகி வந்த மூணா நாளு பருப்பு வச்சா. வேகல. 'ஏன்டி, உங்க ஆத்தா ஒனக்குப் பருப்பு வேக வைக்கக்கூடச் சொல்லிக் குடுக்கலயா'ன்னு கேட்டேன். தப்பா? மாமியான்னா ஒரு வார்த்த கேக்கப்படாதா? அவ என்ன சொன்னா தெரியுமா? ஒண்ணும் சொல்லல! மறுநாளு அன்னக்கிளி வீட்டுல ஒரு கொடம் தண்ணி வாங்கியாந்து, அதே பருப்ப அதே சட்டியில போட்டு வேக வச்சா. வெண்ணெயா வெந்திருச்சு. கரண்டியில எடுத்து என் எலையில வச்சா. வச்சுட்டு, அப்பவும் ஒண்ணும் சொல்லல! நாலு வார்த்த திருப்பிப் பேசியிருந்தாக்கூட எனக்கு ஆறியிருக்கும். பொறகு ஒரு நாளு வாயத் தொறந்தா. 'அத்த, தொட்டியில சுண்ணாம்பு போடாதீக. அதுனாலதான்'ன்னா. எனக்கு! கொத்தனாரு பொண்டாட்டிக்கு! சுண்ணாம்பப் பத்தி! அவ அப்பன் நக வேல செய்யிறவரு. தங்கத்தப் பத்திச் சொல்லட்டும், கேட்டுக்கிறேன். சுண்ணாம்புல அவளுக்கு என்ன தெரியும்? அன்னையிலிருந்து ஒரு உருண்டைக்கு ரெண்டு உருண்டையாப் போட்டேன்."

சத்தியமூர்த்தி தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

"உக்காருங்க, உக்காருங்க. நின்னா ரெத்தம் வடியும். ...ஏழா மாசம் வளகாப்புப் போட்டுக் கூட்டிட்டுப் போனாக. ஆம்பளப் பிள்ள. அஞ்சா மாசம் பிள்ளையக் கொண்டாந்து விடணும், அதான் மொற. இப்ப எட்டா மாசம். பிள்ள வரல, கார்டு வந்திருக்கு. இந்தா, இடுப்புலயேதான் வச்சிருக்கேன். பாருங்க. 'அத்தைக்கு நமஸ்காரம். இங்கு அனைவரும் சுகம். குழந்தை தவழ்கிறான். நம் வீட்டுத் தண்ணீர் சரியானதும் வருகிறேன். அந்தத் தண்ணீரில் குளிப்பாட்டினால் பிள்ளைக்குத் தோல் வெடிக்கும்.' அம்புட்டுத்தான். காளிதாச மூணு தடவ வாசிக்கச் சொல்லிக் கேட்டேன், மனப்பாடம் ஆயிருச்சு. ஒரு எழுத்துல கோவம் இருக்கா பாருங்க. கோவம் இருந்தா நான் பஸ் ஏறிப் போயி ரெண்டு சண்டையப் போட்டு, அழுது, கூட்டியாந்திருப்பேன். மரியாதையா எழுதினா என்ன சார் செய்யிறது?"

சத்தியமூர்த்தி கார்டை வாங்கிப் பார்த்தார். உருண்டை உருண்டையான, அடித்தல் திருத்தல் இல்லாத எழுத்து. வள்ளிக்கண்ணு ஒப்பித்த ஐந்து வாக்கியங்களும் அப்படியே இருந்தன. ஆறாவதாக ஒன்றும் இருந்தது: 'தொட்டியில் சுண்ணாம்பு போடுவதை அத்தை நிறுத்தினாலே போதும்.' காளிதாஸ் மூன்று தடவை வாசித்து மூன்று தடவையும் அந்த இடத்தைத் தாண்டியிருக்கிறான். பயந்துகொண்டு தாண்டினானா, வேறு காரணம் இருந்ததா என்று யோசிக்கவே அவருக்கு அவகாசம் கிடைக்கவில்லை. வள்ளிக்கண்ணுவே அதற்குப் பதில் சொன்னாள்.

"காளிதாசுக்கு என்ன கவல? சனிக்கிழம சாயங்காலம் கண்டரமாணிக்கம் பஸ்ஸு. திங்கக்கிழம காலையில அங்குட்டிருந்தே வேலைக்கு. மாமியா வீட்டுல மூணு வேளையும் பருப்புச் சோறு, நெய்யி. இடுப்பு வாருல புதுசா ரெண்டு ஓட்ட போட்டிருக்கான். 'அங்க பருப்பு நல்லா வேகுதும்மா'ங்கிறான் எங்கிட்டயே. தண்ணி இப்படியே கெடக்கட்டும்னு சாமிக்கு நேந்திருப்பான்.

எனக்குத்தான் சார். பேரன் கவுந்து விழுந்தானாம், தபால்ல வருது. பல்லு மொளைக்குதாம், தபால்ல வருது. தவழுறானாம், இந்தா, இதுவும் தபால்லதான். பொறந்தப்ப ஒரு நாளு பாத்தேன், அப்பக் கண்ண மூடிக்கிட்டுக் கெடந்தான். அவன் எந்திரிச்சு நடந்து, இது யாருன்னு என்னையக் கேக்குறதுக்குள்ள இந்தத் தண்ணி..."

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, தொட்டிக்குள் விழுந்துகொண்டிருந்த குழாய்த் தண்ணீரைப் பார்த்தாள்.

சத்தியமூர்த்தி எழுந்தார். மரப்பெட்டியைத் திறந்து, கண்ணாடி மூடி போட்ட புட்டிகள் இரண்டை எடுத்தார். ஒன்றைக் குழாயின் வாயிலேயே பிடித்து நிரப்பினார். மற்றொன்றைத் தொட்டிக்குள் முக்கி நிரப்பினார். சோப்புக் கரைசல் இருந்த சின்னப் புட்டியிலிருந்து இரண்டிலும் பத்துப் பத்துச் சொட்டு விட்டார். அவள் எண்ண வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு விரலை நீட்டினார். மூடியை அழுத்தி, கைக்கு ஒன்றாக வைத்துக் குலுக்கினார்.

"என்ன சார், கோயில் பூசாரி மாதிரி குலுக்குறீக... அட, இது நுரைக்குதே! இது எந்தத் தண்ணி? குழாயா? ஏன் அது நுரைக்கல? அது திரிஞ்சுல்ல நிக்கிது. அது எது? தொட்டியா? ...இருங்க, இருங்க. ரெண்டும் ஒரே வீடு. ரெண்டும் கடேசி வீடு. அது எப்படி அது முன்பந்தி, இது பின்பந்தி? உங்க மருந்து ஆபீசு மருந்து சார். அது ஆபீசுக்குத் தோதாத்தான் பேசும். என் சோப்பு வேற. இருங்க வாரேன்."

துவைக்கிற கல்லின் மேலிருந்த கட்டிச் சோப்பை எடுத்துவந்தாள். இரண்டு கைகளையும் தொட்டியில் நனைத்துத் தேய்த்தாள். வெள்ளை வெள்ளையாகப் பிசுக்கு வந்தது. அதைப் புடவையில் துடைத்துக்கொண்டு, கையைக் குழாயடியில் நீட்டிக் கழுவி, அங்கேயே நனைத்து மறுபடியும் தேய்த்தாள். விரலிடுக்கு வழியாக நுரை பொங்கி மணிக்கட்டு வரை வழிந்தது.

வள்ளிக்கண்ணு அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நுரை உடைந்து அடங்கச் சத்தியமூர்த்தியின் கைக்கடிகாரப்படி நாற்பது விநாடி ஆயிற்று.

"சொவத்துல பூசினா அம்புட்டுக் கெட்டியா நிக்கிதேன்னு பெருமைப்பட்டேன்," என்றாள் மெதுவாக. "பருப்புலயும் நின்னிருக்கு."

பிறகு தாழ்வாரத்துத் தூணைப் பார்த்து, "அவகிட்ட எப்படிச் சொல்லுவேன்?" என்றாள். சத்தியமூர்த்தி தன் படிவத்தை எடுத்து நிரப்பத் தொடங்கியிருந்தார். அதைக் கண்டதும் அவளுக்குப் பழைய வேகம் வந்துவிட்டது.

"என்ன எழுதுறீக? தம்பி, தம்பி, நில்லுங்க. அதுல சுண்ணாம்பு போட்டது யாருன்னு கட்டம் இருக்கா? நல்லாப் பாருங்க. ...இல்லையா? அப்ப எழுத வேணாம். ஆபீசு கேக்காதத நாமளா எதுக்குச் சொல்லணும்? இன்னொண்ணு தம்பி. பல்லு வலியோட வந்திருக்கீக, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும். தனியா ஒரு காயிதம் எழுதிக் குடுங்க. ஆபீசு முத்திர பெட்டியில இருக்கும்ல? இருக்குதா? ஆங். 'இந்த வீட்டுத் தண்ணீர் சரி செய்யப்பட்டது.' அம்புட்டுத்தான். யாரு சரி செஞ்சா, எப்படிச் செஞ்சா, ஒண்ணும் வேணாம். பொய் சொல்லச் சொல்லல நான். ஏன் தலைய ஆட்டுறீக? ஆகாதா? ஏன் ஆகாது?"

சத்தியமூர்த்தி இந்த விஷயத்தில் கறாரானவர். சரி செய்யப்பட்டது என்பது இறந்தகாலம். தொட்டியோ நிகழ்காலத்தில் வெள்ளையாக நின்றது. அவர் தொட்டியை நோக்கி விரல் நீட்டினார்.

"காலி பண்ணணுமா? இப்பவேவா? அப்பத்தான் எழுதுவீகளா? சரியான ஆளுய்யா நீங்க. பேசாமலே வேல வாங்குறீக. என் மருமகளுக்குத் தம்பி முறையா வருவீக போல."

புடவையை ஏற்றிச் செருகிக்கொண்டு தொட்டிக்குள் கைவிட்டு, அடியில் அடைத்திருந்த துணிச் சுருளைப் பிடுங்கினாள். இரண்டு வருஷத்துச் சுத்தம் வாய்க்காலில் வெள்ளையாக ஓடியது. தேங்காய் நாரை எடுத்து உள்ளே இறங்கினாள். தேய்க்கத் தேய்க்க உள்ளிருந்து பேச்சு மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்துகொண்டிருந்தது.

"...இந்த மூலையில செங்கல்லு கனத்துக்கு ஏறிக் கெடக்கு... எங்க வீட்டுக்காரரு கேட்டா, வேலைக்குப் பத்தலன்னு சுண்ணாம்ப யாரோ வாங்கிட்டுப் போனாகன்னு சொல்லிக்கலாம்... அன்னக்கிளிகிட்ட என்ன சொல்றது? குழாயத் திருப்பி வச்சுட்டாகன்னு சொன்னா நம்புவாளா? நம்ப மாட்டா, தெருவத் தோண்டலயே... ஆபீசுல இருந்து வந்து மருந்து விட்டாகன்னு சொல்லலாம். பத்துச் சொட்டு. என் கண்ணால எண்ணினேன். அது பொய்யில்லயே... தம்பி, அந்த வாளியத் தள்ளுங்க... இல்ல, இல்ல, நீங்க குனியாதீக, ரெத்தம் வரும்..."

மூன்று முறை கழுவி வடித்தபின் துணியை அடைத்துத் தண்ணீரை விட்டாள். தொட்டியில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் ஏறியது. சத்தியமூர்த்தி அதிலிருந்து ஒரு புட்டி எடுத்து, பத்துச் சொட்டு விட்டு, குலுக்கினார். நுரை வந்தது. உடனே திருப்தி அடையாமல் ஐந்து நிமிஷம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நுரை நின்றது. அதன்பிறகே பெட்டியின் மேல் காகிதத்தை வைத்து அந்த ஒற்றை வாக்கியத்தை எழுதி, தேதி போட்டு, முத்திரை குத்தினார்.

வள்ளிக்கண்ணு அதை ஈரக்கையால் தொடாமல் முந்தானையில் வாங்கிக்கொண்டாள்.

"நாளைக்கு மொத பஸ்ஸுல நானே கொண்டு போறேன். காளிதாசுகிட்டக் குடுக்க மாட்டேன். அவன் வாசிக்கும்போது வரிய முழுங்குறானோன்னு எனக்கு ரொம்ப நாளாச் சந்தேகம். அவளே வாசிக்கட்டும். வாசிச்சுட்டு ஒண்ணும் சொல்ல மாட்டா, தெரியும். சொல்லாட்டிப் போகுது. பிள்ளையத் தூக்கிக்கிட்டுப் பஸ் ஏறினாச் சரி. ...ஒரு சொம்புப் பருப்பு வேக வச்சும் கொண்டு போறேன். கண்டரமாணிக்கத்துக்காரிக்குத் தெரியட்டும், எங்குட்டும் வேகும்னு."

குழாய் கொரகொரவென்று சத்தம் போட்டு நின்றது. மணி பதினொன்று.

சத்தியமூர்த்தி வாய்க்குள் விரலை விட்டுப் பஞ்சை எடுத்து வாய்க்காலில் போட்டார். தொண்டையைச் செருமினார். இரண்டு மணி நேரமாகக் காத்திருந்த இருநூற்று ஒன்றாவது விளக்கத்தைச் சற்றே குழறலாக, ஆனால் முறைப்படி முதலிலிருந்தே ஆரம்பித்தார்.

"உப்புத் தண்ணீர் என்று நாம் சொல்வது..."

கொல்லையில் யாரும் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம், அன்னக்கிளியின் வீட்டிலிருந்து குரல் கேட்டது: "...பத்தே சொட்டு! ஒரு வார்த்த பேசல அந்த மனுசன். பெரிய ஆபீசரு..."

பன்னிரண்டு நாள் கழித்து ஆபீசுக்கு இரண்டு தபால் வந்தன. ஒன்று மனு. கடைசி வீட்டுத் தொட்டிக்கு மட்டும் ஆபீசிலிருந்து ஆள் வந்து தனியாக மருந்து விட்டதாகத் தெரியவருகிறபடியால், தங்கள் தொட்டிகளுக்கும் அதே பத்துச் சொட்டு விட்டுத்தர வேண்டுமென்று அன்னக்கிளியும் மற்றப் பத்து வீட்டாரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

மற்றது ஒரு கார்டு. உருண்டை உருண்டையான, அடித்தல் திருத்தல் இல்லாத எழுத்து. 'ஐயா அவர்களுக்கு நமஸ்காரம். எங்கள் வீட்டில் இப்போது பருப்பு வேகிறது. குழந்தையைத் தினமும் இரண்டு வேளை குளிப்பாட்டுகிறோம். தங்கள் பல் ஆறியிருக்கும் என்று நம்புகிறோம். இது அத்தை சொல்ல எழுதியது.'

அதற்குக் கீழே, கொஞ்சம் சிறிய எழுத்தில் இன்னொரு வரி இருந்தது.

'மொடாவில் மிளகாய்க் கன்று நட்டுவிட்டேன்.'